புலமைப்பரிசிலில் போன பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்?

கொக்குவிலிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: “மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று ஏ எடுத்திருக்கிறாள். அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், திறமை அடிப்படையில் முழுக் கல்விக் கட்டணத்தையும் புலமைப்பரிசிலாகத் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கடிதத்தின் முதற்பக்கத்தை இணைத்துள்ளேன். நாங்கள் சைவக் குடும்பம். இப்படிப் போன பிள்ளைகள் இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள்? யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா? சமயத்தை மாற்றிவிடுவார்களா?”

ஐயா, கடைசியாக எழுதிய கேள்விதான் உங்கள் மனதில் முதலாவதாக இருந்தது என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் இருநூறு ஆண்டுகளாக எல்லாத் தகப்பன்மாரும் அதே ஒழுங்கில்தான் யோசித்திருக்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் உயர்தர மாணவருக்குக் கணிதம் படிப்பித்தவன். ஓய்வுபெற்ற பிறகு, இப்படி வருகிற கடிதங்களை வாசித்துப் பெற்றோருக்கு விளக்குவது என் மாலைநேர வேலையாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

சமய நிறுவனத்தின் பணத்தில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வட்டுக்கோட்டைக்குப் போனால் போதும். 1816ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823ல் அங்கே தொடங்கியது செமினரி. அவர்கள் கேட்டது கல்லூரி. ஆங்கில அரசு அமெரிக்கருக்கு அந்தத் தகுதியைக் கொடுக்க விரும்பவில்லை. பெயர்தான் செமினரி, நடந்த படிப்பு கல்லூரிப் படிப்பு. ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், உயர்கணிதம், வானியல் என்று மிஷனரி டானியல் பூவரின் தலைமையில் தொடங்கிய அந்தப் படிப்பைப் பின்னாளில் பார்த்த எமர்சன் ரெனென்ற், அது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று எழுதினார். அவர் பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர். மிஷனுக்கு ஆள் பிடிக்கிற வேலை அவருக்கு இல்லை.

மிஷன் பாடசாலைகளில் கெட்டிக்காரரைப் பொறுக்கியெடுத்து, உணவும் உடையும் தங்குமிடமும் கொடுத்துப் படிப்பித்தார்கள். பணம் அமெரிக்காவிலுள்ள கொடையாளரிடமிருந்து வந்தது. ஒரு பிள்ளைக்குப் பணம் கொடுத்தவர், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய ஒரு பெயரையும் கொடுக்கலாம். நம்முடைய பழைய நூற்பட்டியல்களில் கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று பாதி அமெரிக்காவும் பாதி யாழ்ப்பாணமுமாக வருகிற பெயர்களின் கதை இதுதான். 1841ல் உதயதாரகை பத்திரிகை வெளிவந்தபோது அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். இருவரும் செமினரியில் படித்த தமிழர். கடன் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதுபோல, புலமைப்பரிசில் பிள்ளையின் பெயரிலேயே ஒப்பம் வைத்த காலம் அது.

சரி, பிறகு என்ன ஆனார்கள்? கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது போதகர்களை. வந்தவர்களில் ஒரு பங்கினர் உண்மையிலேயே போதகரும் மிஷன் ஆசிரியருமானார்கள். ஆனால் ஆங்கிலமும் கணிதமும் தெரிந்த இளைஞருக்கு அரசாங்கக் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும், கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் உத்தியோகம் காத்திருந்தது. பலர் அங்கே போனார்கள். 1855ல் பொஸ்ரனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையிலான குழு, செலவுக்கு ஏற்ற போதகர் விளையவில்லை, ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்குத்தான் வழி காட்டுகிறது என்று கண்டு செமினரியை மூடிவிட்டது. அவர்களுடைய அளவுகோலில் அது தோல்வி.

மூடி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகளாகச் சொல்லப்படும் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை பின்னர் நீதிபதியாக உயர்ந்தார். வீரசோழியத்தை 1881லும் கலித்தொகையை 1887லும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த அவர் சைவத்துக்கே திரும்பினார். விசுவநாதபிள்ளையும் அப்படியே, ஒரு காலத்தில் கிறிஸ்தவர் பக்கம் நின்று சைவ அறிஞர் ஆறுமுக நாவலரை எதிர்த்து வாதிட்டவர், பின்னாளில் சைவத்தின் பக்கம் வந்துவிட்டார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் கதை இன்னும் சுவையானது. ஓர் அமெரிக்கப் போதகரின் பெயரைச் சுமந்த அந்த மனிதர் 1880களில் யாழ்ப்பாண நகரத்தில் தொடங்கிய பாடசாலைதான், சைவ பரிபாலன சபையின் கைக்கு வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆயிற்று. உங்கள் உறவில் எத்தனை பேர் அங்கே படித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார்; தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துப் பாவலர் சரித்திர தீபகத்தை 1886ல் வெளியிட்டார். இவர் ஒருவர் மட்டுமல்ல. மனமுவந்து மாறி, மாறிய வழியிலேயே நின்று, ஊருக்குப் பயன்பட்டவர்கள் நிறைய. செமினரி மூடப்பட்டபோது அதிகம் வருந்தியவர்கள் பழைய மாணவர்கள். அவர்களுடைய முயற்சியால்தான் 1872ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அந்தக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு நூறு ஆண்டு கழித்து, 1974ல், இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தது. 1823ல் சோறு போட்டுப் படிப்பித்த ஒரு கொடையின் பலன் எதுவரை நீள்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பொஸ்ரனில் இருந்தவர்களால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் போதகர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. புலமைப்பரிசில் பெற்றவர்களின் பிற்காலம் எப்படி என்று கேட்டால், யாருடைய அளவுகோலில் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகத்தில் படத்தோடு வருகிற பழைய மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் அளவுகோலில் வென்றவர்கள். உங்கள் அளவுகோலை நீங்களும் மகளும் சேர்ந்து முதலில் முடிவுசெய்யவேண்டும்.

இனி இக்காலக் கணக்கெடுப்புகள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புலமைப்பரிசில் பெற்றவர்கள் பிற்காலத்தில் நன்றாக இருக்கிறார்கள் என்று காட்டுவது மிக இலகு. ஏனென்றால் முதலிலேயே கெட்டிக்காரரைப் பொறுக்கித்தானே கொடுக்கிறார்கள்! நல்ல மாங்கன்றைத் தெரிந்து நட்டுவிட்டு, காய்த்ததற்கு உரம்தான் காரணம் என்று சொல்வதுபோல. இதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி மேலே நின்ற பிள்ளையையும் ஒரு புள்ளி கீழே நின்ற பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் திறமையில் வேறுபாடில்லை. ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு கூட்டத்தையும் பத்து ஆண்டு கழித்து ஒப்பிட்டால், தெரிகிற வேறுபாடு புலமைப்பரிசிலால் வந்தது.

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலம் 2002ல் தொடங்கிய ‘பிராமிஸ்’ என்ற திறமைப் புலமைப்பரிசிலை ஜூடித் ஸ்கொட்-கிளேற்றன் இந்த வழியில் ஆராய்ந்தார். அதில் நிபந்தனை கண்டிப்பானது: ஆண்டுக்கு 30 பாட அலகுகள் (கிரெடிற்) முடிக்கவேண்டும், 4.0க்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி முதலாண்டுக்குப் பிறகு 3.0க்குக் குறையக்கூடாது. பலன் தெளிவாகத் தெரிந்தது. நான்கு ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் கூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் மூன்று ஆண்டும் பிள்ளைகள் அந்த 30 அலகுக் கோட்டை எட்டிப் பிடிக்க ஓடினார்கள். நான்காம் ஆண்டில், இனிப் புதுப்பிக்க ஒன்றுமில்லை என்றானதும், அந்த ஓட்டம் தளர்ந்துவிட்டது. பணம் உதவியது உண்மை; ஆனால் உந்தியது நிபந்தனை. அதே கூட்டத்தைப் பத்து ஆண்டு அளவு கழித்து அவரும் பாசித் சபாரும் மீண்டும் பார்த்தார்கள். புலமைப்பரிசில் பெற்றவர்களிடையே முதுநிலைப் பட்டமும் சொந்த வீடும் சற்றுக் கூடுதல். வசதியான அயலில் குடியிருப்போர் கூடுதல். கடனைக் கட்டத் தவறியோர் குறைவு. இருபத்திரண்டு வயதில் கடனில்லாமல் வெளியே வருவது பிறகு வட்டி போட்டு வளர்கிறது. நம்முடைய ஊரில் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நல்ல செய்தி இல்லை. ஜோர்ஜியா மாநிலம் 1993ல் தொடங்கிய ‘ஹோப்’ புலமைப்பரிசிலில் சராசரி நிபந்தனை இருந்தது. எத்தனை பாடம் எடுக்கவேண்டும் என்பதில் கண்டிப்பில்லை. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பாடங்களைக் குறைத்தார்கள், கடினமானதை நடுவில் கைவிட்டார்கள், கோடை விடுமுறைக்குத் தள்ளினார்கள். சராசரி தப்பியது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் அடம்ஸ் புலமைப்பரிசில் இதைவிடப் பெரிய பாடம். சாரா கொகோட்ஸ், ஜோசுவா குட்மன் இருவரும் 2014ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பணத்துக்காக அரசுக் கல்லூரிகளுக்குப் போன பிள்ளைகள், தங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மேலான கல்லூரிகளை விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்களின் விகிதம் குறைந்தது. கிடைத்த பணமோ சிறியது. ‘புலமைப்பரிசில்’ என்ற சொல்லே பிள்ளையை இழுத்திருக்கிறது. நம்மிடமும் அந்தச் சொல்லுக்கு ஒரு மயக்கம் உண்டு. கோயில் மண்டபத்தில் பெயர் வாசித்துப் பொன்னாடை போர்த்தும் வரைக்கும் போகும்.

ஆகவே உங்கள் மகள் எதை விட்டுவிட்டுப் போகிறாள்? நீங்கள் எழுதாமல் விட்டது இதுதான். கணிதத்தில் மூன்று ஏ என்றால், பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளியைப் பொறுத்து மொறட்டுவையோ பேராதனையோ, இல்லாவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடமோ அவளுக்குக் கிடைக்கக்கூடும். அங்கே கல்விக் கட்டணம் இல்லை; தகுதியிருந்தால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். மொறட்டுவையில் பொறியியல் முடித்தவர்கள் அமெரிக்காவில் முழு உதவித்தொகையோடு கலாநிதிப் படிப்புக்குப் போவது ஆண்டுதோறும் நடப்பது. உங்களுக்கு எழுதிய பல்கலைக்கழகத்தில் அவள் விரும்புகிற துறை மொறட்டுவையைவிட நன்றாக இருக்கிறதா? இருந்தால் போகட்டும். இல்லாவிட்டால், நான்கு ஆண்டு முன்னதாக அமெரிக்கா போவதற்காக மட்டும் நல்ல துறையைக் கைவிடச் சொல்லமாட்டேன். ஸ்ரேசி டேல், அலன் குரூகர் 2002ல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஆறுதலானது: ஒரே அளவு தகுதியுள்ள பிள்ளைகளில், பெயர்பெற்ற கல்லூரிக்குப் போனவரும் அனுமதி கிடைத்தும் அதைவிட எளிய கல்லூரிக்குப் போனவரும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே வருமானம் பெற்றார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரி கூடுதலாக உதவியது. பிள்ளையில் சரக்கு இருந்தால் வாசல் எதுவென்பது நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை.

மேலே சொன்னவை மாநில அரசுகளின் பணம். சமயப் பல்கலைக்கழகத்தின் பணத்துக்கு வேறு முகம் உண்டு. அங்கேதான் உங்கள் கடைசிக் கேள்வி வருகிறது.

‘கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்’ என்பது ஒரே வகை அல்ல. நோட்டர் டாம் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் எந்தச் சமயத்தவரும் படிக்கலாம். எல்லோரும் இரண்டு இறையியல் பாடம் எடுக்கவேண்டும், அவ்வளவுதான். என்னிடம் படித்த ஒருத்தி அப்படியொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய், இறையியலில் ஏயும் கணிதத்தில் பியும் எடுத்தாள். “தேவாரம் பாடமாக்கிய பழக்கம் உதவியது, சேர்” என்று எழுதினாள். கணித ஆசிரியனுக்கு அது எவ்வளவு நோகும் என்று அவள் யோசிக்கவில்லை.

மறுமுனையில் யூற்றா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் இருக்கிறது. மோர்மன் திருச்சபை 1875ல் தொடங்கியது. திருச்சபை உறுப்பினர் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்திலொரு பங்கு, கொடுக்கிறார்கள் என்பதால் அவர்களுக்குக் கட்டணம் மற்றவர்களுக்குரியதில் பாதி. முதலாம் ஆண்டிலிருந்து படிப்பவருக்குச் சமயப் பாடம் 14 அலகுகள். ஒழுக்கக் கோவை ஒன்றில் ஒப்பமிடவேண்டும்: மதுவும் புகையும் கூடாது, தேநீரும் கோப்பியும்கூடக் கூடாது. நம்முடைய பிள்ளைகளுக்கு மதுவை விலக்குவது பெரிதல்ல; பிளேன்ரீயை விடுவதுதான் தவம். இவற்றைவிட முக்கியமானது, ஆண்டுதோறும் ஒரு சமயத் தலைவரின் ஒப்புதல் பெறவேண்டும் என்பது. வேறு சமயத்துப் பிள்ளை தன் சமயத்திலேயே இருந்து படிக்கலாம். ஆனால் உறுப்பினராக இருந்தவர் முறைப்படி திருச்சபையை விட்டு விலகினால், அந்த ஒப்புதலை இழந்து, படிப்பையே இழக்கக்கூடும். அதாவது அங்கே சைவப் பிள்ளை சைவமாகவே இருப்பது ஆபத்தில்லை. பாதி மனதோடு மாறிவிட்டுப் பிறகு திரும்ப நினைப்பதுதான் ஆபத்து. இதை மகளுக்கு விளங்கச் சொல்லுங்கள். பயமுறுத்தவேண்டாம்.

மாற்றிவிடுவார்களா என்றால், பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போகிற பிள்ளை எங்கே போனாலும் மாறும். வட்டுக்கோட்டையில் பெயரையே மாற்றி, சோறும் போட்டு, முப்பத்திரண்டு ஆண்டு முயன்றார்கள். விளைந்ததை மேலே சொல்லிவிட்டேன். நான் அனுப்பிய பிள்ளைகளில் மாறியவரும் உண்டு, மாறாதவரும் உண்டு. மாறியவர்களில் புலமைப்பரிசிலுக்காக மாறியவர் என்று ஒருவரையும் சொல்லமாட்டேன். தனிமையில் கைபிடித்தவர்களுக்காக மாறினார்கள். குளிர்காலத்தில் விடுதி வெறுமையாகிற நத்தார் விடுமுறையில் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டவர்கள் யாரோ, அவர்கள் பக்கம் மனம் சாய்கிறது. அதைக் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் கவலைப்படுவதென்றால், அந்த நகரத்தில் தமிழ்க் குடும்பம் இருக்கிறதா, விடுமுறையில் மகள் எங்கே போவாள் என்று விசாரியுங்கள்.

எழுதாத எதிர்பார்ப்பைவிட எழுதிய நிபந்தனை நல்லது என்பது என் கட்சி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்த ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900ல் ஊன்றிய விதை அது. அங்கே திருச்சபையின் பரிந்துரையில் சேர்கிற மாணவர், படித்து முடிந்ததும் தங்களை அனுப்பிய மிஷன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை செய்யவேண்டும். எல்லாம் முன்னரே எழுத்தில் இருக்கும். இரண்டு ஆண்டுக்குப் போனவர்கள் சிலர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுவார்கள். மற்றவர்கள் கடமையை முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறுவார்கள். நமது உடுவில் மகளிர் பாடசாலையின் தொடக்க காலத்தில், பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள் என்று மிஷன் சீதனப் பணமும் கொடுத்தது. சீதனம் தேடித் திரிந்த ஊருக்கு எந்த மொழி புரியும் என்று அந்த அம்மையார்களுக்குத் தெரிந்திருக்கிறது!

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘முழுக் கல்விக் கட்டணம்’ என்பதில் தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்புறுதி, விமானச்சீட்டு அடங்காது. மாணவர் விசாவில், தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம். அந்த உழைப்பு கைச்செலவுக்குக் காணும், விடுதிக்குக் காணாது. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் சேர்த்துத் தந்தால் அந்தப் பகுதிக்கு அமெரிக்க வருமான வரி உண்டு என்பதையும் பலர் அங்கே போனபிறகுதான் அறிகிறார்கள். பட்டம் முடிந்தபின் ஓராண்டு வேலைப் பயிற்சி அனுமதி. அறிவியல், பொறியியல் துறைகளுக்கு மேலும் இரண்டு ஆண்டு. பிற்காலம் எப்படியென்று நீங்கள் கேட்டீர்களே, நான் கண்டவரை அதை அதிகம் தீர்மானிப்பது இந்த மூன்று ஆண்டுதான். ஆகவே துறைத் தெரிவு முக்கியம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் மிகக் கெட்டிக்காரன், முழுப் புலமைப்பரிசில். சராசரி 3.5 இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. முதலாண்டு இரசாயனவியலில் சறுக்கி 3.4க்கு வந்தான். ஒரு பத்திலொன்று. மறுதவணை காத்திருந்து பார்க்கும் ஏற்பாடு ஒன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லை, பணம் நின்றது. தகப்பன் கோண்டாவில் காணியை விற்று மீதியைக் கட்டினார். பையன் இன்று நன்றாக இருக்கிறான். தகப்பன் அந்த வீதியால் போவதில்லை. அந்த நிபந்தனை கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. எனக்குக் காட்டியது முதற்பக்கத்தை மட்டும்.

நீங்களும் முதற்பக்கத்தைத்தான் இணைத்திருக்கிறீர்கள், ஐயா. மற்றப் பக்கங்களையும் அனுப்புங்கள். எத்தனை தவணைக்குப் பணம், சராசரி எவ்வளவு, ஒரு தவணை தவறினால் திரும்பப் பெற வழியுண்டா, துறையை மாற்றினால் செல்லுமா, ஆண்டுக்கு எத்தனை சமயப் பாடம், வழிபாட்டுக்கு வருவது கட்டாயமா, யாருடைய ஒப்புதல் தேவை என்று தேடிப் பாருங்கள். கடிதத்தில் இல்லாததை மகளே மின்னஞ்சலில் கேட்கட்டும். நீங்கள் கேட்டு எழுதவேண்டாம். அவர்கள் எழுத்தில் தருகிற பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.